நோயில்லாத இலையில் மின்னிய புள்ளிகள்

தெரிந்தே மறைத்தேன். பாண்டி அண்ணனின் ஏலக்காய்க் கன்றுகளில் நோய் இருப்பதை, இலையில் ஒரு கோடுகூடத் தோன்றுமுன்பே நான் பார்த்துவிட்டேன்... சொல்லவில்லை!

நான் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரி, பயிர்நோய் ஆய்வகத்தில் வேலை. மரபணுவை வெட்டித் திருத்தும் 'கிரிஸ்பர்' என்ற மூலக்கூறுக் கத்தரிக்கோலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாங்கள் அதன் கூர்மையை மழுக்கி, ஒளிரும் புரதமொன்றைச் சேர்த்து, உயிருள்ள செல்லுக்குள் அனுப்புவோம். தேடும் ஆர்.என்.ஏ.வை அது வெட்டாது, பற்றிக்கொள்ளும். அந்த இடம் பச்சையாக மின்னும். நான் தேடியது ஏலச்செடியை அழிக்கும் கட்டே நோயின் வைரஸுடைய ஆர்.என்.ஏ.வை.

ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத இலைகள் வேண்டியிருந்தன. இடுக்கி மலையில், வண்டன்மேட்டில் ஏலம் பயிரிடும் பாண்டி அண்ணன் தன் நாற்றங்காலைத் திறந்துவிட்டார்.

"எம்புட்டு வேணுமோ பறிச்சுக்கங்கம்மா. எல்லாம் சுத்தமான கன்னு."

அந்த இலைகளின் செல்கள் மின்னின! மூன்று முறை சோதித்தேன். வேறொரு தோட்டத்து இலைகள் இருண்டே கிடந்தன. கருவியில் பிழையில்லை.

செல்லுக்குள் அந்தப் புள்ளிகள் நகர்வதைக் கண்டபோது எனக்கு வந்தது பயமா? இல்லை... ஆனந்தம்! நோய் வெளியே தெரியும்வரை கன்றுகள் மண்ணில் இருந்தால்தான், என் கருவி அதை முந்திக்கொண்டது என்று நிரூபிக்க முடியும். சொன்னால் அன்றே பிடுங்கி எரித்துவிடுவார்.

போனில் கேட்டார்: "நட்டுரலாமாம்மா?"

"நட்டுருங்கண்ணா" என்றேன்.

இரண்டு மாதத்தில் இலைகளில் வெளிறிய கோடுகள். அசுவினிப் பூச்சி, காய்த்துக்கொண்டிருந்த பழைய செடிகளுக்கும் நோயைக் கொண்டுபோனது. அவரும் அவர் மனைவி ராசாத்தி அக்காவும் ஒரு சரிவு முழுவதையும் பிடுங்கினார்கள். அக்கா அழுதுகொண்டே பிடுங்கினார். நான்... பக்கத்தில் நின்று படம் எடுத்தேன்!

கட்டுரை வெளியானது. வேலை நிரந்தரமானது. நீங்கள் எதிர்பார்ப்பதுபோல் நான் வாடிப்போய்விடவில்லை. காலையில் ஆய்வகத்துக்குப் போக மனம் துள்ளுகிறது, நன்றாகத் தூங்குகிறேன். நிறைவாகவே வாழ்கிறேன். அப்படி வாழ முடிகிறதே, அது எப்படி? எனக்கே விளங்கவில்லை...

போன மாதம் வண்டன்மேட்டில் ஏல விவசாயிகளுக்கு இந்தக் கருவியை விளக்கப் போனேன். பாண்டி அண்ணன் முன்வரிசையில் இருந்தார். மறுபடி நட்ட செடிகள் காய்த்துவிட்டன, முகம் மலர்ந்திருந்தது. பேசி முடித்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இது அப்பவே தயாராகியிருந்தா, எங்க கன்னையும் பாத்துச் சொல்லியிருப்பீகள்ல?"

"ஆமாங்கண்ணா" என்றேன்.

நம்பினார். இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்...