சேறு மறைத்த எண்

கட்டண அலுவலகத்தில் அவளைக் 'கழுகு' என்றுதான் கூப்பிடுவார்கள். நகர மையத்துக்குள் நுழையும் ஒவ்வொரு வண்டியையும் கேமரா படமெடுக்கும். நம்பர் பிளேட்டைக் கணினியே படித்து, நெரிசல் கட்டணத்தை வண்டிக்காரர் தலையில் கட்டிவிடும். மழை, சேறு, வளைந்த தகடு என்று கணினி கைவிரித்த படங்கள் மட்டும் அவள் திரைக்கு வரும். கண்ணை இடுக்கிப் பார்த்து எண்ணைத் தட்டுவாள். பதினோரு வருட வேலை. ஒருநாள் மாலைக்குள் இரண்டாயிரம் படங்களை முடித்தபோது மொத்த அறையும் கைதட்டியது.

மூன்று வாரம் கழித்து, விசாரணை ஜன்னலில் ஆள் இல்லாததால் அவளை உட்கார வைத்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க டிரைவர் ஒருவர் நோட்டீஸை நீட்டினார்.

"முதலாளி வெளியூர் போயிருந்தாரும்மா. சாவி என்கிட்ட இருந்துது. ஆனா வண்டி ஷெட்டை விட்டு நகரவே இல்ல. நான் ஊர் சுத்தப் போயிட்டேன்னு வேலையை விட்டு நிறுத்திட்டாரு."

அவள் படத்தைத் திறந்தாள். முதலாளியின் காரைப் போலவே வெள்ளைக் கார்தான். ஆனால் எட்டு என்று தட்டப்பட்டிருந்தது உண்மையில் சேறு அப்பிய மூன்று. பெரிதாக்கிப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். கீழே அவளுடைய பணி எண். தேதி, கைதட்டல் வாங்கிய நாள்.

"புகார் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. பார்த்துட்டுச் சொல்வாங்க" என்றாள். 'சொல்றோம்' என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

மேற்பார்வையாளரிடம் அன்றே சொன்னாள்.

"இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தே? ரத்து பண்ணிடலாம். கணினிக் கோளாறுன்னு லெட்டர் போயிடும்."

அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததே என்பதுதான் பிறகு அவளை அரித்தது. அதன்பிறகு ஒவ்வொரு படத்தையும் மூன்று முறை பார்த்தாள். வேலை பாதியாகக் குறைந்தது. "கழுகுக்குக் கண்ணாடி போடணும் போல" என்று பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். வீட்டில் தட்டில் சோற்றை அளைந்துகொண்டிருந்தவளிடம் கணவன் என்னவென்று கேட்டபோது, தலைவலி என்றாள்.

பத்தாம் நாள், புகாரில் இருந்த முகவரிக்குப் போனாள். மூன்றாவது மாடி. டிரைவரே கதவைத் திறந்தார். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. இப்போது கார் கழுவும் இடத்தில் வேலையாம்.

"நோட்டீஸ் ரத்தாயிடுச்சும்மா. கணினிக் கோளாறுன்னு போட்டிருந்துது."

"கணினி இல்லண்ணே. நான்தான். அவசரத்துல தப்பா அடிச்சுட்டேன். நீங்க ஜன்னல்ல நிக்கும்போதே எனக்குத் தெரியும்."

அவர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"முதலாளி வேற ஆள் வச்சுட்டாரு. அது போகட்டும். அன்னிக்கு யாரோட சுத்தினேன்னு என் வீட்டுக்காரி இன்னும் கேக்கறா. லெட்டரைக் காட்டினா, யாரைப் பிடிச்சு வாங்கினீங்கங்கறா. நீங்களே வந்து சொல்லிடுங்க."

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குழாயை மூடினாள்.

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் அவரை அப்படியே அனுப்பினீங்க?"

அவளை உட்காரச் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. மனைவி கணவரிடம், "ஈரத்தை மாத்திட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள். கழுகு தானே கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் டிரைவரின் பழைய முதலாளிக்கு, தவறு தன்னுடையது என்று தன் பெயரிலேயே ஒரு கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை.