கியர்பாக்ஸின் மூச்சுத்துளை

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த காலி மனையில் டிராக்டரில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள். டிராக்டரும் பின்னால் மாட்டியிருந்த புல்வெட்டும் இயந்திரமும் காண்ட்ராக்டருடையவை. எனக்கு முந்தின டிரைவர் கியர்பாக்ஸை எரித்துவிட்டுத்தான் வேலையை இழந்தார்.

பதினொரு மணிக்கு எண்ணெய் கருகும் வாடை வந்தது. வண்டியை அணைத்து இறங்கி, இயந்திரத்தின் கியர்பாக்ஸ்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சுரீரென்று பொரிந்து போயிற்று. வீட்டில் படிக்கிற பெண்பிள்ளைகள் இரண்டு பேர். "பெருமாளே, கைவிட்டுடாதே" என்று முனகிக்கொண்டே மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

அவர் பென்னலூர்க்காரர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். வந்ததும் வராததுமாக, "இன்னாபா, இதுல தோசை சுடலாம் போலக்கீதே?" என்றார்.

"சிரிக்காதண்ணே. எனக்கு உசுரே இல்ல."

சூடு தணியும்வரை என்னைத் தொடவிடவில்லை. பிறகு குனிந்து பார்த்தார். பிளேடு சுற்றும் தண்டில் எண்ணெயை அடைக்கும் ரப்பர் சீலின் ஓரம் கசிந்து, புல்தூள் அடையடையாக அப்பியிருந்தது. எண்ணெய் அளவுக் குச்சியின் நுனிகூட நனையவில்லை.

"சீல் போயிடுச்சாண்ணே?"

"போன மாசந்தான நானே மாத்துனேன். உள்ள சூட்டுக்காத்து போக வழியில்லாம எண்ணெயப் பிதுக்கித் தள்ளிக்கீது."

மேல்மூடியில், கியர்பாக்ஸ் மூச்சுவிடச் சின்னத் துளை ஒன்று உண்டு. அதை நகத்தால் சுரண்டினார். மஞ்சள் கட்டி பெயர்ந்து வந்தது; நடுவில் சிவப்பு.

"யாருபா இதுக்குப் பொட்டு வெச்சது?"

நான்தான். நட்டநடுவில் நெற்றி மாதிரி இருக்கிறதே என்று, பூஜையன்று சந்தனத்தைக் குழைத்து அங்கே அப்பிக் குங்குமம் வைத்தேன். தெய்வக் குற்றமோ என்ற பயமும் இப்போது சேர்ந்துகொண்டது.

அவர் துளையைக் கம்பியால் குத்திக் கழுவினார். மிச்ச எண்ணெயை வடித்து விரலில் தேய்த்துப் பார்த்தார். இரும்புத்தூள் இல்லை. "கியர் பல்லு தப்பிச்சுது, போ" என்று புது எண்ணெய் ஊற்றினார். "காண்ட்ராக்டர் கேட்டா சீல் போச்சுன்னு சொல்லிடு."

அப்படிச் சொன்னால் பழி, சீலை மாற்றிய மெக்கானிக்மேல் அல்லவா விழும்? காண்ட்ராக்டருக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்:

"கால் மணிக்கொருக்கா எறங்கித் தொட்டுப் பாரு. மறுபடியும் கொதிச்சா, சாவியக் குடுத்துட்டுப் போயிக்கினே இரு."

எத்தனை முறை அணைத்து இறங்கினேனோ தெரியாது. உள்ளங்கையை வைக்குமுன் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டேன். கடைசி மூலையை வெட்டி முடித்தபோதும் கை பொறுக்கிற சூடுதான்.