நங்கூரன் மாற்றிய நாள்

பெரியப்பாவை உயிரோடு திருப்பிக் கொண்டுவருவதென்று நானும் அண்ணனும் ஒரு மார்கழி விடுமுறையில் முடிவெடுத்தோம். எனக்கு அப்போது பத்து வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று. பெரியப்பா இறந்து பதினெட்டு வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் எங்களிடம் ஒரு தடித்த கொப்பியும் இரண்டு பென்சில்களும் நங்கூரனும் இருந்தபடியால் அது பெரிய தடையாகத் தெரியவில்லை.

நங்கூரன் யாரென்று சொல்ல வேண்டும். அப்பா துறைமுகத்தில் கப்பல் திருத்தும் டொக்யாட்டில் பிட்டராக இருந்தார். வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன பிறகு, ஆளில்லாத விடுதியொன்றைத் துப்புரவாக்கியபோது ஒரு தகரப்பெட்டி நிறையப் படக்கதைப் புத்தகங்கள் அகப்பட்டனவாம். எரிக்கப் போனவர்களிடம் கேட்டு வாங்கி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வரும் என்று அம்மாவிடம் சொன்னார். இங்கிலீஷ் வரவில்லை. முதுகில் சீலை பறக்க வானத்தில் போகிறவர்களும் ஒற்றைக் கையால் ரயிலை நிறுத்துகிறவர்களும்தான் வந்தார்கள். அண்ணன் படத்தைப் பார்த்துக் கதை சொல்வான். தெரியாத சொல் வந்தால் அதற்காக நிற்க மாட்டான். தானே எதையாவது போட்டு நிரப்பிக்கொண்டு மேலே போய்விடுவான்.

எல்லாவற்றையும் நாலைந்து தரம் வாசித்து முடித்த பிறகு நாங்களே ஒருவனை உண்டாக்கினோம். துறைமுகத்தின் அடியிலிருந்து எழும்பி வருகிறவன், நெஞ்சில் நங்கூரம், கையில் சங்கிலி. கதை அண்ணனுடையது, படம் என்னுடையது. அண்ணன் வரைந்தால் மனிதர்கள் முருங்கைக்காய் போல இருப்பார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. முதல் கதையில் நங்கூரன் ஒரு சுறாவைப் பிடித்து வாலில் முடிச்சுப் போட்டான். இரண்டாவதில் கடலடியில் தாண்டுபோன கப்பலொன்றைத் தூக்கிக் கரையில் வைத்தான். மூன்றாவதற்கு அண்ணன் பெரிய யோசனையோடு வந்தான். நங்கூரன் சங்கிலியைத் தலைக்கு மேலே இடப்பக்கமாகச் சுழற்றினால் நாள்கள் பின்னுக்குப் போகும். அப்படிப் போய், ஜப்பான்காரன் குண்டு போட்ட நாளை இல்லாமல் செய்துவிட வேண்டும்.

அந்த நாளைப் பற்றிக் கேட்டுக் கேட்டே நாங்கள் வளர்ந்திருந்தோம். ஊரில் ஒருவருக்கு வயது சொல்வதென்றாலும், ஒரு வீடு கட்டியதைச் சொல்வதென்றாலும் குண்டு போட்டதற்கு முந்தியா பிந்தியா என்றுதான் சொல்வார்கள். அன்றுதான் அப்பாவின் தமையன், டொக்யாட்டில் கிளாக்கராக இருந்தவர், காலையில் வேலைக்குப் போய்த் திரும்பி வரவில்லை. கூடத்து அலுமாரிக்கு மேலே அவருடைய படம் இருந்தது. கோட்டுப் போட்டு, தலையை நடுவில் வகிடெடுத்து, கொஞ்சம் பயந்த மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அண்ணனுக்குச் சட்டதிட்டங்களில் விருப்பம் அதிகம். கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வைத்தான்: 'ஒன்றை மாற்றினால் அதற்குப் பின்னால் வந்த எல்லாம் மாறும். யாரும் தப்ப முடியாது.' நான் அதை வாசித்துவிட்டுப் படம் வரையப் போய்விட்டேன்.

நங்கூரன் சங்கிலியைச் சுழற்றினான். விமானங்கள் கடலுக்கு மேலால் வந்தன. குண்டுகளை நங்கூரன் ஜம்புப்பழம் ஆய்வது போல ஒவ்வொன்றாகப் பிடித்துச் சாக்கில் போட்டான். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரியவில்லை. சனங்கள் பாயையும் சட்டி பானையையும் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு ஓடவில்லை. பெரியப்பா பின்னேரம் சாப்பாட்டுப் பெட்டியை ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு மாறிப்போன ஊரைப் படமாகக் கீறுவதுதான் வேலை. பெரியப்பாவுக்கு ஒரு கார் கொடுத்தோம், ஒரு ரேடியோ கொடுத்தோம். அவர் எங்கள் கூடத்தில் கதிரையில் இருந்து எனக்குக் கணக்குச் சொல்லித் தருவது போல ஒரு படம். மீசையை நரைக்க வைப்பதா விடுவதா என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை பிடித்தோம். அந்தப் பத்து நாளும் நான் அந்த ஊரில்தான் இருந்தேன் என்று சொல்லலாம்.

மாமி வந்ததும் எல்லாம் கெட்டது. அப்பாவின் தங்கச்சி, குச்சவெளியில் கலியாணம் முடித்தவர். ஒவ்வொரு திருவெம்பாவைக்கும் காளி கோயிலுக்கென்று பஸ் ஏறி வந்து எங்களோடு நிற்பார். ஒரு காலை குசினிக்கு வெளியே இருந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர், நான் காட்டிய படத்தை எட்டிப் பார்த்தார். காருக்குள் இருப்பது தன் மூத்த தமையன் என்று உடனே அடையாளம் கண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. மாமி ஒரு பெருமூச்சு விட்டு, சுளகைப் புடைத்துக்கொண்டே சொன்னார்:

"பெரியண்ணன் இருந்திருந்தால் கொம்மா உனக்குப் பெரியம்மா எல்லே."

எனக்கு விளங்கவில்லை. மாமி எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வது போல விளக்கினார். அம்மாவைக் கிளிவெட்டியில் முதலில் பெரியப்பாவுக்குத்தான் பேசியிருந்தார்கள். தை மாதம் போய்ப் பெண் பார்த்து, சித்திரையில் கலியாணமென்று நாள் குறித்து, கூறைச்சேலையும் எடுத்தாயிற்று. வருஷம் பிறக்கச் சில நாள்கள் இருக்கக் குண்டு விழுந்தது. இரண்டு வருடம் கழித்து, பேசிய பெண்ணை விடக் கூடாதென்று சொல்லி, அதே வீட்டுக்குப் போய் இளையவருக்குக் கேட்டார்கள். இளையவர்தான் அப்பா. இதைச் சொல்லிவிட்டு மாமி அரிசியைக் கழுவ எழும்பிப் போனார்.

நான் கொப்பியைத் தூக்கிக்கொண்டு அண்ணனிடம் ஓடினேன். அவன் கேட்டுவிட்டு முதல் பக்கத்தைத் திறந்தான். தன்னுடைய சிவப்பு எழுத்தையே இரண்டு தரம் வாசித்தான். அவனுடைய முகம் மாறியதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

"அப்ப நாங்கள் இல்லை," என்றான்.

பெரியப்பா உயிரோடு இருந்தால் அம்மா அவரைத்தான் கட்டியிருப்பார். அம்மா அவரைக் கட்டினால் நானும் அண்ணனும் பிறந்திருக்க மாட்டோம். நாங்கள் பிறக்காவிட்டால் கொப்பி இல்லை, நங்கூரன் இல்லை. கொப்பியில் குண்டுகளைத் திரும்ப விழ வைத்துவிடலாமா என்று கேட்டேன். அப்படியென்றால் பெரியப்பாவை நாங்களே கொல்ல வேண்டும் என்றான் அண்ணன். நான் ரப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு பெரியப்பாவின் காருக்கு முன்னால் நெடுநேரம் இருந்தேன். பயந்த கண்ணோடு அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் ஏலவில்லை.

அண்ணன் சட்டத்தை மீறச் சம்மதிக்கவில்லை. மாறிய ஊரில் உள்ளதை உள்ளபடி கீற வேண்டும் என்றான். கீறினேன். எங்கள் வீடு, வாசலில் அம்மா, பக்கத்தில் பெரியப்பா, முன்னால் எனக்குத் தெரியாத ஓர் ஆண்பிள்ளையும் ஒரு பெண்பிள்ளையும். அந்தப் பெண்பிள்ளைக்கு வேண்டுமென்றே முன்பல்லை வெளியே மிதக்க வைத்தேன். கடைசியில் அப்பாவுக்கு இடம் தேட வேண்டியிருந்தது. வீட்டுக்குள் அவருக்கு இடமில்லை. அடுத்த பக்கத்தில் படகுத்துறை ஜெட்டியைக் கீறி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவரைத் தனியே நிறுத்தினேன். கீறி முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கிணற்றடியில் குனிந்து தண்ணீரில் என் முகம் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியும். ஆனால் முந்தின நாளைவிட மங்கலாகத் தெரிவது போல இருக்கும். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் இல்லை. மல்லி அவித்துத் தந்தார், குடித்தேன், ஒன்றும் மாறவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மாமி கோயிலுக்குப் போயிருந்தார். குசினிக்குப் பின்னால் அப்பா சைக்கிள் ரியூபைத் தண்ணீர்ப் பேசினுக்குள் அமுக்கி அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். அம்மா என்னுடைய பாயை உதறியபோது கொப்பி விழுந்தது. பள்ளிக்கூடக் கொப்பியைப் பாழாக்கினதற்கு அடி விழும் என்று நானும் அண்ணனும் குசினி வாசலில் நின்றோம். அம்மா தேங்காய் துருவும் பலகையில் இருந்தபடியே முதல் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கினார். சுறாவின் வாலுக்குச் சிரித்தார். குண்டுகள் வந்த பக்கத்தில் சிரிப்பு நின்றது. பெரியப்பாவின் கார், ரேடியோ, வீட்டு வாசல் எல்லாவற்றையும் மெதுவாகப் புரட்டினார். ஆர் சொன்னது என்று கேட்டார். மாமி என்றோம். கடைசிப் படத்தில் விரலை வைத்தார்.

"இது ஆர்?"

"அப்பா."

"ஏன் தனிய நிக்கிறார்?"

"நீங்கள் பெரியப்பாவைக் கட்டினபடியால் அவருக்கு ஒருத்தரும் இல்லை," என்றேன். சொல்லும்போதே திரும்ப அழுகை வந்தது.

அம்மா என்னைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். பிறகு, எங்களுக்கு ஒருநாளும் சொல்லாத ஒரு கதையைச் சொன்னார். பெண் பார்க்க வந்த நாளில் கிளிவெட்டி வயல் பாதையில் மாட்டு வண்டியின் சில்லுப் புதைந்துவிட்டதாம். பெரியவர்களும் மாப்பிள்ளையும் இறங்கி வரம்பால் நடந்து வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை நல்ல மனிதர்தான், ஆனால் தலை நிமிரவில்லை, ஒரு சொல்லும் கதைக்கவில்லை. தம்பிக்காரன் மட்டும் வண்டிக்காரனோடு நின்று சில்லைத் தூக்கி, வழுக்கி விழுந்து, கழுத்துவரை சேறாக, சிரித்துக்கொண்டு வந்து சேர்ந்தாராம். அம்மாதான் கால் கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது.

"அண்டைக்கு இரவே நான் அம்மாட்டச் சொன்னனான், மூத்தவர் வேண்டாம், மற்றவரைக் கேளுங்கோ எண்டு. அவ எனக்கு அடிச்சவ." அம்மா கொப்பியை மூடினார். "குண்டு விழாட்டிலும் நான் இவரைத்தான் கட்டியிருப்பன்."

அண்ணன் லேசில் விடுகிறவன் இல்லை. "அப்ப நாங்கள் பிறந்திருப்பமோ?" என்று கேட்டான்.

"ஓம். ரெண்டு பேரும். இதே மூக்கோட."

என் நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை யாரோ தூக்கி எடுத்தது போல இருந்தது. பசி வந்தது. அப்படியொரு பசி அதற்குப் பிறகு எனக்கு வந்ததில்லை. அங்கேயே இருந்து மத்தியானச் சோற்றைச் சொதியோடு இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். அண்ணன் என்னுடைய பங்கு மீன்பொரியலைக் கேட்டான், கொடுத்தேன். இடக்கையால் அந்த மிதந்த பல்லுக்காரியை அழித்துக்கொண்டே சாப்பிட்டேன். பெரியப்பாவுக்குத் தொப்பி போட்ட ஒரு மனைவியைக் கொடுத்துக் காரில் ஏற்றிவிடலாம் என்று இருவரும் தீர்மானித்தோம். சட்டத்தில் ஒரு திருத்தம் செய்ய அண்ணன் சிவப்பு மையை எடுத்து வந்தான்.

அப்போதுதான் அப்பா குசினி வாசலுக்கு வந்தார். பின்னால் பேசின் தண்ணீரின் சத்தம் நின்று எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் கவனிக்கவில்லை. இரண்டு கையும் கறுப்பாக இருந்தன. சவர்க்காரம் கேட்டார். அம்மா எடுத்துக் கொடுத்தார். வாங்கியவர் போகவில்லை.

"நீர் கால் கழுவத் தந்த தண்ணியை நான் குடிச்சனான்," என்றார்.

"பாத்தனான்," என்றார் அம்மா.

"நீர் ஏன் இதை இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

அப்பா சவர்க்காரத்தோடு கிணற்றடிக்குப் போனார். அன்று அந்த ரியூபுக்கு அவர் ஒட்டுப் போடவேயில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டிருந்தது. விடிய எழும்பி அப்பா சவரம் செய்து, வெள்ளைச் சேர்ட்டுப் போட்டார். அம்மா நல்ல சேலை உடுத்தார். இருவரும் மூதூருக்குக் கடலால் போகும் லோஞ்சில் ஏறிக் கிளிவெட்டிக்குப் போய்வரப் போவதாகச் சொன்னார்கள். அங்கே மாமாவின் வீடு இருந்தது. ஆனால் அங்கே யாருக்கும் நோய் வருத்தமில்லை, கலியாணமில்லை, செத்தவீடில்லை. மாமி இரண்டு தரம் என்ன விசேஷம் என்று கேட்டார். ஒன்றும் இல்லை, சும்மா, என்றார் அப்பா. சும்மா எங்கேயும் போகிற வழக்கம் அவரிடம் இருந்ததில்லை. அம்மாவோடு அவர் தனியாக எங்காவது போனதையும் நான் அதுவரை கண்டதில்லை.

எங்களைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. எனக்கும் அண்ணனுக்கும் அது பெரிய அநியாயமாகப் பட்டது. இவ்வளவு வேலையும் செய்தவர்கள் நாங்கள், லோஞ்சில் போவது அவர்கள். பகல் முழுக்க மாமியோடு முகத்தை நீட்டிக்கொண்டிருந்தோம். பின்னேரம் ஜெட்டிக்குப் போய் நின்றோம். கடைசி லோஞ்ச் வந்தது. அலையில் லோஞ்ச் ஆடியபோது அப்பா முதலில் கரையில் காலை வைத்து, திரும்பி, அத்தனை சனத்துக்கு முன்னால் அம்மாவுக்குக் கையை நீட்டினார். அம்மா பிடித்துக்கொண்டு இறங்கினார். இறங்கிய பிறகும் கையை உடனே விடவில்லை.

அண்ணன் என்னை முழங்கையால் இடித்து, அம்மாவின் பையைப் பார் என்றான். நான் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வெறுமையாக இருந்தது. ஒரு பகல் முழுக்கப் போய்வந்து எங்களுக்கு ஒரு கச்சான் கொட்டைகூட வாங்கி வராத தாய் தகப்பனைப் பற்றி, வீடு வந்து சேரும்வரை நாங்கள் இருவரும் குறை சொல்லிக்கொண்டே நடந்தோம்.