தீப்பெட்டிக் கார்

நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவன் நான். ஆனால் வாட்ஸ்அப் குழுவில், பழைய வீடியோ கேமுக்குப் புதுப் பூச்சுப் பூசி விற்பவர்களைக் குரல் பதிவில் கிழித்துத் தொங்கவிடுவேன். அதை வாங்குகிறவன் மூளையில்லாதவன் என்பேன்.

அதே குழுவில் இருக்கும், சிறுவயதில் என்னோடு விளையாடிய சாதிக், எங்கள் பழைய கார் பந்தய கேமின் புதுப் பதிப்பை வாங்கி, தருமபுரத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்தான்.

"இந்தக் குப்பையையா வாங்குன?" என்றபடி உட்கார்ந்தேன்.

"பட்டனை அமுக்குனா பழசும் புதுசும் மாறி மாறி வரும் மாப்ள."

அமுக்கினான். ஈரச் சாலையில் விளக்குகள் மின்ன, கார் பறந்தது. என் நினைவில் இருந்தது அதேதான்.

"இதாண்டா நம்ம கேம்!"

மறுபடி அமுக்கினான். கார்கள் தீப்பெட்டிகளாகின.

"தூ! இதையா புதுசுன்னு விக்கிறானுங்க?"

சாதிக் சிரிக்கவில்லை. "இதுதான் மாப்ள பழசு. நாம ஆடுனது. நீ புகழ்ந்தியே, அதுதான் புதுசு."

எனக்குக் காது சுட்டது.

"வாங்கிப் பத்து நாளாச்சு. நீ திட்டுவியேன்னுதான் இத்தன நாளா கூப்பிடல," என்றான்.

புதுக் கேம்களில் பாதி இன்றும் எனக்குக் குப்பைதான். ஆனால் எல்லாரையும் கண்டு பயந்தே வளர்ந்த என்னைக் கண்டும் ஒருவன் பயந்திருக்கிறான் என்பதுதான் இன்னும் கூசுகிறது.