முளைக்காத நெல்லுக்கு நான் போட்ட கையெழுத்து

நேற்று பேத்தி தன் பாடநோட்டை நீட்டினாள். ஒரு பக்கம் உயிருள்ளவை, மறுபக்கம் உயிரற்றவை. நாய், வாழைமரம், சித்தெறும்பு எல்லாம் சரியான இடத்தில் இருந்தன. நெல்லை மட்டும் செங்கல்லுக்குப் பக்கத்தில் எழுதியிருந்தாள்.

“மூட்டையில சும்மாதானே கெடக்கு தாத்தா? சாப்பிடுதா, நடக்குதா?”

திருத்த எனக்கு வாய் வரவில்லை. இதே தப்பை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டவனாயிற்றே நான்!

தஞ்சாவூரில் ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. உயிருள்ளது உண்ணும், மூச்சு விடும், வளரும், தன் இனத்தைப் பெருக்கும் என்று மனப்பாடம் செய்து பட்டம் வாங்கிய திமிர் வேறு. நெல்லை நூறு நூறாக எண்ணி, ஈரத்தாளில் சுருட்டி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. அந்த ஈரத்தாள் வாசம் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வரும். கட்டிய புதிதில் என் மனைவி மூக்கைப் பிடித்துக்கொள்வாள்.

அங்கேதான் அஞ்சம்மா வந்தாள். என் வயதுதான் இருக்கும். பிறர் வயலில் நாற்று நட்டே பிழைத்த குடும்பம். முதன்முதலாகச் சொந்த நிலத்தில் சம்பா அறுத்திருந்தாள். அதை விதைநெல்லாக ஊருக்குக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எங்கள் சான்று கிடைக்காவிட்டால் அத்தனை மூட்டையும் அரைக்கிற மில்லுக்குத்தான் போகும்.

அவள் நெல்லைச் சுருட்டி வைத்த தாளை இரண்டு வாரம் கழித்துப் பிரித்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. ‘உயிரில்லை’ என்று அவசரத்தில் கிறுக்கிக் கொடுத்துவிட்டேன் என்றால் பொய். நிறுத்தி நிதானமாக, அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

“எப்ப அறுத்ததுன்னு கேட்டீங்களா சார்?”

“எதுக்கும்மா? மொளைக்கல, செத்துப்போச்சு.”

“இங்க கொண்டாந்தப்ப அறுத்துப் பத்து நாள்தாங்க ஆயிருந்துச்சு. புது நெல்லு தூங்கும் சார். தூங்குற புள்ளையப் பொணம்னு எழுதுவாங்களா?”

அறுப்பு நேரத்தில் மழை பிடித்தாலும் கதிரிலேயே முளைத்துவிடாமல் நெல் இப்படி உறங்கித் தன்னைக் காத்துக்கொள்ளும். புத்தகத்தில் இருந்ததுதான், அந்தப் பக்கத்தை நான் புரட்டவில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்களே, அது சாட்சாத் நான்தான்.

மில்காரர் வண்டி அனுப்பியும் அவள் கொடுக்கவில்லையாம். புருஷன் திட்டித் தீர்த்தாராம். ஒன்றரை மாதம் கழித்து, இடுப்பில் ஓர் ஈரச் சாக்கோடு வந்து நின்றாள். ஊறவைத்து இறுக்கிக் கட்டிய நெல்.

“கைய உள்ள விடுங்க சார்.”

விட்டேன். அப்பா, என்ன சூடு! அள்ளிப் பார்த்தால் நெல்லுக்கு நெல் வெள்ளை முளை.

“மூச்சு விடுது பாருங்க.”

என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, மறுபடி சோதித்து, புதுச் சான்று எழுதினேன். “தப்பு என்னுதுதாங்க” என்றேன்.

“விடுங்க சார், நெல்லு ஒண்ணும் கோவிச்சுக்காது” என்று சிரித்தாள். எப்பேர்ப்பட்ட மனுஷி! முத்திரை குத்திய தாளைவிடத் தன் கையை நம்பினாளே, அந்தத் துணிச்சல் எனக்கு இன்றுவரை வரவில்லை.

பல வருஷம் அந்த ஊரே அவள் நெல்லைத்தான் விதைத்தது. பிறகு எல்லோரும் பாக்கெட் விதைக்கு மாறினார்கள். அவள் மட்டும் அதையே வருஷா வருஷம் விதைத்து, அடுத்த விதைப்புக்கென்று ஒரு மூட்டை எடுத்து வைப்பாள்.

போன தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். கருமாதிக்குப் போயிருந்தேன். சோறு அத்தனை ருசி. கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவும்போது அவள் மகன் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னான்: “அம்மா வச்சிருந்த நெல்லுதாங்க. வீணாப் போவுதேன்னு மூட்டையோட மில்லுல குடுத்து அரைச்சிட்டோம்.”

அந்த நெல் இப்போது யார் வீட்டிலும் ஒரு மணிகூட இல்லை.