டைக்ரூரஸின் வால்

உதிர்ந்தது

தூசி தட்டியபோது கரிச்சானின் வால் பிரஷ்ஷோடு வந்துவிட்டது. கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர் என்றால் பாதி உத்தியோகம் இதுதான்: பஞ்சடைத்த பறவைகளைக் கீழே விழாமல் காப்பது. கரிச்சானின் லத்தீன் பெயர் டைக்ரூரஸ் மேக்ரோசெர்கஸ். முதல் சொல்லுக்குப் பிளந்த வால் என்று பொருள். அடுத்ததற்கு நீண்ட வால். கிரேக்க வேர், லத்தீன் விகுதி. வாலைத் தவிர வேறெதையும் சொல்லாத பெயர். மொட்டையாக நின்ற பறவையைப் பார்த்து அட்டெண்டர் சொன்னார்: "பேரு ஒட்டியிருக்குல்ல சார், அது போதும்."

வங்காளத்துக்காரர்

பனங்காடை, கொராசியஸ் பெங்காலென்சிஸ். 'என்சிஸ்' என்று முடிந்தால் அந்த ஊரைச் சேர்ந்தது என்று அர்த்தம். நாம் மதுரைக்காரர் என்பதுபோல. இதை விளக்கியதும் ஆனையூர் மாணவன் எழுந்தான். "எங்க தெரு கரெண்டுக் கம்பியில தெனமும் ஒக்காந்திருக்கு சார். வங்காளத்துக்கு அது எப்பப் போச்சு?"

அடையாளம்

இந்தப் பெயர்களை உருப்போட்டுத் தவித்தவர்களுக்குத் தெரியும், பறவையை யாரும் பார்ப்பதில்லை, அதன் பழுதைத்தான். கண் உதிர்ந்தது மைனா. காலில் நூல் சுற்றியது மீன்கொத்தி. திருவாதவூர் பாண்டியம்மாள் போன வருடம், பறவையைப் பார்த்துப் பெயர் எழுதும் செய்முறைத் தேர்வில் தவறியவள். இந்த முறையும் தவறினால் கிடைத்திருந்த பி.எட். இடம் போய்விடும். அவளோடு தனியாக உட்கார்ந்து, லத்தீன் பெயரைக் கையால் எழுதினால் ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாக அடிக்கோடு போட வேண்டும் என்று காட்டி, கரிச்சான் பெயரின் பொருளையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அது இருக்கட்டும் சார். வாலில்லாம நிக்கிறதுதான் டைக்ரூரஸ். நான் மறக்க மாட்டேன்."

வெளியூர்ப் பறவைகள்

தேர்வாளராக வந்தவர் எங்கள் பறவைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தன் காரிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னார். அவர் கொண்டுவந்த பறவைகள் அம்புட்டும் முழுசு. மணி அடித்தது, பிள்ளைகள் ஒவ்வொரு பறவையாக நகர்ந்தார்கள், பேனாக்கள் நகரவில்லை. ஆனையூரான் என் காதருகே வந்து சொன்னான்: "இதுல ஒண்ணுகூட நம்மது இல்ல சார்."

பாண்டியம்மாள் கரிச்சான் முன்னால் நின்றாள். வழக்கம்போல் மொட்டையைத் தேடி மேசையை நோட்டம் விட்டாள். இல்லை. எதிரில் இருந்ததைப் பார்த்தாள். கறுப்பு உடம்பு, அதைவிட நீளமாக இரண்டாகப் பிளந்த வால்.

"எங்க எருமை மேல ஒக்கார்றது" என்றாள் வாய்க்குள்.

"பேசக் கூடாதும்மா" என்றார் தேர்வாளர்.

சற்று நேரம் வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து இரண்டு சொற்களையும் எழுதினாள். ஹால் டிக்கெட்டின் ஓரத்தை வைத்து, நடுவில் இடைவெளி விட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் தனித்தனியாகக் கோடு போட்டாள்.