ஆரல்வாய்மொழிக்கு அப்பால் ஒரு கல்யாணம்

என் எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் மலிந்திருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சம், அதனால் எழுதுகிறேன்.

வடசேரிச் சந்தையில் ஒரு வாழைக்குலைக் கடையில் அப்போது எனக்கு வேலை. நான் விரும்பிய பெண் கிறிஸ்தவ சபை உபதேசியாரின் மகள். மிஷனுக்கு லேஸ் பின்னிக் கொடுத்து வந்தாள். நான் இந்து. அவளை மாறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, என்னை மாறச் சொல்ல அவளுக்கும் வரவில்லை. கடைசியில் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் போய் நின்றேன்.

“நம்ம மகாராஜாவுக்க ராஜ்ஜியத்துல நடக்காது, மக்கா,” என்றார் அவர். “ஆரல்வாய்மொழி தாண்டி வெள்ளக்காரன் எல்லைக்குப் போ. அங்கன பதினாலு நாள் குடியிருந்துட்டு மனு குடுக்கணும். பொறவு இன்னும் பதினாலு நாள் காத்துக் கெடக்கணும். ரெண்டுபேரும் எந்த மதமும் இல்லேன்னு எழுதி ஒப்பு போடணும். அதுக்குப் பொறவு சாமி கோவிச்சா ரிஜிஸ்திரார் கச்சேரி பொறுப்பில்ல, கேட்டியா?”

அவளுக்கு இருபத்தொன்று முடிந்திருந்ததால் தகப்பன் சம்மதம் வேண்டியதில்லை. ஆனால் மனு கொடுத்தபின் யார் வேண்டுமானாலும் தடை சொல்லலாம். தடை வந்தால் வழக்கு, கோர்ட்டு. அதற்குள் அவளைக் கண்காணாத இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

பாளையங்கோட்டையில் அரிசி மண்டியில் மூட்டை சுமந்துகொண்டு தங்கினேன். அவள் ஒன்றும் தெரியாதவள்போல வீட்டிலேயே இருந்தாள். நாள் நிறைந்ததும் மனு கொடுத்தேன். அதை ஒரு புத்தகத்தில் பதிந்தார்கள். அந்தப் புத்தகத்தை யார் கேட்டாலும் காசில்லாமல் காட்ட வேண்டும் என்பது சட்டம்.

கச்சேரியில் பத்திரம் எழுதும் ஒருவருக்கு அது பெரிய வேடிக்கை. பத்திரம் பதிய வந்து வேப்பமரத்தடியில் காத்திருப்பவர்களுக்கு, பொழுது போகட்டும் என்று அதை வாங்கிவந்து உரக்கப் படிப்பார். மண்டி வேலை முடிந்ததும் தினமும் அங்கே போய் ஒதுங்கி நிற்பேன். அவள் பெயரும் என் பெயரும் எல்லார் காதிலும் விழும்.

ஒருநாள் கோட்டாற்றுக் கருவாட்டு வியாபாரி ஒருவர் எழுந்து நின்றார்.

“வடசேரி புள்ளையா? நம்ம உபதேசியாருக்க மவளாவே?”

“ஆமாங்கேன். மாப்பிள்ளையத் தெரியுமாவே?” என்றார் படித்தவர்.

“ஆளு எங்கனயாவது ஒளிஞ்சு கெடப்பான்.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். சாயங்கால பஸ்ஸில் அந்தச் சேதியோடு வியாபாரி ஊருக்குப் போனார்.

தடை ஒன்றும் வரவில்லை. வராதது இன்னும் பயமாக இருந்தது. குறித்த நாளில் சாட்சிகள் மூன்று பேரோடு கச்சேரி வாசலில் நின்றேன். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அவளுக்குப் பின்னால் வெள்ளை அங்கியும் குடையுமாக அவள் அப்பா இறங்கினார்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. உள்ளே வந்து சுவரோரம் நின்றார். தடை உண்டா என்று ரிஜிஸ்திரார் கேட்டதற்கு, “இல்லை ஐயா. அவ ஒப்பு போடுதத என் கண்ணால பாக்கணும், அவ்வளவுதான்,” என்றார்.

கிறிஸ்து மார்க்கத்தைச் சேர்ந்தவள் அல்ல என்ற வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். பேனா வெகுநேரம் நின்றது. பிறகு கையொப்பமிட்டாள். இவளை மனைவியாக ஏற்கிறேன் என்று நான் சொன்னது சாட்சிகளுக்கே கேட்கவில்லை. “சத்தமாச் சொல்லும்வே!” என்று ஒருவர் அதட்டினார். மறுபடி சொன்னேன்.

அவள் அப்பா குடையை எடுத்துக்கொண்டார். “ஏட்டி, நீ செத்தா இனி நம்ம வேதக்கோயில்ல மணி அடிக்காது,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

இப்போது குலசேகரத்தில் ரப்பர் தோட்ட வேலை, பிள்ளைகள் இரண்டு. அவர் எங்கள் வாசலை மிதித்ததில்லை. ஊரில் யாராவது இறந்து கோயில் மணி அடித்தால், அவள் கையிலிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு, மணி ஓயும்வரை நிற்பாள். இன்று காலையும் நின்றாள்.

கொல்லம் ஆண்டு 1113, தை மாதம் 9.